பாசிர் பாஞ்சாங்கில் கிழிந்த தொட்டி: 2024 எண்ணெய்க் கசிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.20 மணியளவில், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றுகொண்டிருந்த ‘மரீன் ஹானர்’ என்ற பங்கர் கப்பல்மீது (மற்றக் கப்பல்களுக்கு எரிபொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் கப்பல்) ‘வாக்ஸ் மாக்ஸிமா’ என்ற தூர்வாரும் கப்பல் மோதியது. மோதியது நெதர்லாந்துக் கொடிக் கப்பல், இடிபட்டது சிங்கப்பூர்க் கொடிக் கப்பல். இயந்திரமும் சுக்கானும் திடீரென்று கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகத் தூர்வாரும் கப்பல் தெரிவித்தது. பங்கர் கப்பலின் சரக்குத் தொட்டி ஒன்று கிழிந்து, சுமார் 400 டன் குறைகந்தக எரியெண்ணெய் கடலில் கொட்டியது.

அடுத்த நாளே செந்தோசாவின் மூன்று கடற்கரைகளிலும், லாப்ரடோர் இயற்கை வனப்பகுதியிலும், செயிண்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு தீவுகளிலும், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் கறுப்புப் படலம் தெரிந்தது. ஜூன் பள்ளி விடுமுறைக் காலம். திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். கூடாரம் போட்டுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டிய நீண்ட வார இறுதியில் கடற்கரைகளை மூட வேண்டியதாயிற்று.

எண்ணெய்க் கப்பல் ஆபத்து என்றாலே நம் மனம் சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கும் ராட்சத டாங்கர்களைத்தான் நினைக்கும். 1997 அக்டோபர் 15 அன்று ‘எவோய்க்கோஸ்’ டாங்கர் ‘ஒராபின் குளோபல்’ என்ற பெருங்கப்பலோடு மோதியபோது கொட்டியது ஏறக்குறைய 28,500 டன். இந்நாட்டுக் கடலில் அதுவே மிகப் பெரிய கசிவு. 2024இல் கொட்டியது அதில் எழுபதில் ஒரு பங்குதான். ஆனால் 1997இன் எண்ணெய் தெற்குத் தீவுகளைத் தொட்டு, பிறகு சிலாங்கூர்க் கரைவரை சிதறிப் போனது. 2024இன் எண்ணெய் நேரே நகரத்தின் வாசலில் வந்து ஏறியது. எவ்வளவு கொட்டியது என்பதைவிட எங்கே, எந்த நேரத்தில், எந்த வகை எண்ணெய் கொட்டியது என்பதுதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது. அந்த மூன்றும் இங்கே பாதகமாகச் சேர்ந்துகொண்டன.

கடைசி மைல் கப்பல்கள்

சிங்கப்பூர் உலகின் மிகப் பெரிய பங்கர் துறைமுகம். 2024இல் மட்டும் 5 கோடியே 49 லட்சம் டன் கப்பல் எரிபொருள் இங்கே விற்பனையானது. இதில் பெரும்பகுதி, சில ஆயிரம் டன் கொள்ளும் சிறு டாங்கர்கள் மூலம்தான் பெரிய கப்பல்களுக்குப் போய்ச் சேர்கிறது. சேமிப்புக் கிடங்கில் ஏற்றி, நங்கூரப் பகுதியிலோ பெட்டக முனையத்திலோ பெரிய கப்பலின் பக்கத்தில் கட்டி, குழாய் மாட்டி, எண்ணெயின் எடையை அளக்கும் மாஸ் ஃபுளோ மீட்டர் வழியே எண்ணெயை இறக்கிவிட்டு அடுத்த கப்பலுக்குப் போவதே இவற்றின் அன்றாடம். 2017 ஜனவரி முதல் அந்த மீட்டர் கட்டாயம். அளவுத் திருட்டைத் தடுக்க இத்தனை கறார் காட்டும் தொழில், கட்டி நிற்கும் கப்பல்மீது வேறொன்று வந்து இடிப்பதை அதே தீவிரத்தோடு எண்ணிப் பார்த்ததா என்பது சந்தேகம்தான்.

கட்டி நிற்கும் பங்கர் கப்பலால் விலக முடியாது. கயிறுகள் இறுகியிருக்கும், குழாய் இணைந்திருக்கும், ஒரு பக்கம் பெரிய கப்பலோ துறைச்சுவரோ இருக்கும். தன்மீது ஒன்று வருவதைப் பார்த்தால் அதனால் செய்ய முடிந்தவை மூன்றுதான்: பம்பை நிறுத்துவது, வால்வுகளை மூடுவது, ஆட்களை இடிபடும் பக்கத்திலிருந்து விலக்குவது. அதற்கே இரண்டு நிமிடம் ஓடிவிடும்.

கட்டுப்பாடு போனால்

இயந்திரமும் சுக்கானும் ஒருசேரப் போவது அரிது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஏதாவது ஒன்று போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மின்னாக்கி தடைப்பட்டுக் கப்பல் இருண்டுபோவது, பிரேக்கர் விழுவது, கப்பலை ஓட்டும் மேல்தளமான பாலத்திலுள்ள கட்டுப்பாட்டுக் கணினி உறைந்துபோவது ஆகியவை பொதுவான காரணங்கள். தூர்வாரும் கப்பலில் மின்சாரத்துக்குப் பசி அதிகம்: மண் உறிஞ்சும் பம்புகள், பக்கவாட்டு உந்திகள், சுக்கான் எல்லாமே பெரிய சுமைகள். ‘வாக்ஸ் மாக்ஸிமா’ 31,200 கன மீட்டர் மண் கொள்ளும், 195 மீட்டர் நீளக் கப்பல்.

விதிகள் இதற்குக் குறைவில்லை. கடலில் மனித உயிர்க் காப்புக்கான அனைத்துலக உடன்படிக்கையின்படி, புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் சுக்கான் இயக்கத்தைச் சோதிக்க வேண்டும். சுக்கான் ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைவரை 28 வினாடிக்குள் திரும்ப வேண்டும். பாலத்தில் கட்டுப்பாடு போனால் சுக்கான் அறையிலிருந்தே கையால் இயக்கும் பயிற்சியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஆனால் நெரிசலான துறைமுகக் கால்வாயில் கட்டுப்பாடு போன பிறகு கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான். சுக்கான் அறைக்கு ஆள் ஓடி, தொலைபேசியை எடுத்து, கட்டளை வாங்குவதற்குள் கப்பல் அரை மைல் போயிருக்கும்.

ஆகவே குறுகிய நீரில் உண்மையான கடைசிக் கருவி நங்கூரம். அது தயாராக இருக்க வேண்டுமானால் கப்பலின் முன்பகுதியில் வின்ச் பக்கம் ஆள் நிற்க வேண்டும். பூட்டுகள் கழன்று, பிரேக் மட்டும் பிடித்திருக்க வேண்டும். முனையத்தின் அருகே போகும் ஒவ்வொரு பெரிய கப்பலிலும் இது நடக்கிறதா என்று கேட்டால், கப்பலோட்டிகள் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்வார்கள். இழுவைப் படகு துணைக்கு வருவது இன்னும் நல்ல ஏற்பாடு. செலவு காரணமாக எல்லாரும் கூட்டிக்கொள்வதில்லை.

இரட்டைத் தோல் எவ்வளவு தாங்கும்

எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை உடல் கட்டாயமானது நல்ல விதி. ஆனால் சிறு டாங்கர்களில் அந்த இரண்டு தகடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நினைவில் வைக்க வேண்டும். 5,000 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் டாங்கருக்குப் பக்கவாட்டு இடைவெளி குறைந்தது ஒரு மீட்டர். கப்பல் பெரிதாக ஆக அது கூடும், ஆனால் இரண்டு மீட்டருக்கு மேல் விதி கேட்பதில்லை. அதைவிடச் சிறிய கப்பலுக்கு 76 சென்டிமீட்டரிலிருந்தே தொடங்குகிறது. துறைச்சுவரில் உரசுவது, இழுவைப் படகு இடிப்பது போன்ற சின்ன மோதல்களுக்கு இது போதும். 30,000 டன் எடையுள்ள கப்பல் 4 நாட் (மணிக்குச் சுமார் 7.4 கிலோமீட்டர்) வேகத்தில் வந்து இடித்தால் சுமார் 60 மெகாஜூல் ஆற்றல் அந்தத் தகடுகளில் இறங்கும். ஒரு மீட்டர் இடைவெளி அதற்கு ஒரு தடையே அல்ல.

தொட்டி கிழிந்த பிறகு எவ்வளவு எண்ணெய் வெளியேறும் என்பது ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலா கீழா என்பதைப் பொறுத்தது. மேலே என்றால், ஓட்டையின் அடிவிளிம்புவரை இருக்கும் எண்ணெய் முழுக்க ஓடிவிடும். கீழே என்றால், வெளியிலுள்ள கடல்நீரின் அழுத்தம் எண்ணெயை ஓரளவு தாங்கிப் பிடிக்கும். எரியெண்ணெயின் அடர்த்தி 0.94, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழேயுள்ள ஓட்டையில் எண்ணெய் மட்டம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 27 சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்ததும் ஓட்டம் சமநிலைக்கு வரும். பிறகும் நீர் உள்ளே புக, எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஆனால் முதல் வேகம் இருக்காது. கப்பல் ஊழியர்கள் செய்ய வேண்டியது: அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து துண்டிப்பது, மீதி எண்ணெயை நல்ல தொட்டிக்கு மாற்றுவது, எதிர்ப்பக்கம் எடையைக் கூட்டிக் கப்பலைச் சாய்த்து ஓட்டையை மேலே தூக்குவது. சாய்க்கும்போது கப்பலின் நிலைத்தன்மைக் கணக்கைப் பார்க்காமல் கை வைத்தால் கசிவு போய்க் கவிழ்வு வந்துவிடும்.

தீப்பிடிக்காமல் போனது பெரிய நிம்மதி. எரியெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை 60 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. சாதாரண வெயிலில் அது தீப்பிடிக்கும் ஆவியை விடாது. ஐந்து வாரம் கழித்து, ஜூலை 19 அன்று பெட்ரா பிராங்காவுக்கு வடகிழக்கே ‘ஹாஃப்னியா நைல்’, ‘செரெஸ் I’ என்ற இரண்டு டாங்கர்கள் மோதியபோது நிலைமை வேறு. முதல் கப்பலில் இருந்தது எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் நாஃப்தா. இரண்டு கப்பல்களும் எரிந்தன. எரியெண்ணெயிலும் கச்சா எண்ணெய் கலந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ டாங்கர் வெடித்து 76 பேர் மாண்டது, எரிபொருள் தொட்டியில் திரண்ட ஆவியை வெட்டு விளக்கு பற்றவைத்ததால்தான்.

எண்ணெய் போன வழி

400 டன் என்றால் ஏறக்குறைய 425 கன மீட்டர். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தில் ஊற்றினால் பாதிக் குளம்கூட நிறையாது. அதே எண்ணெய் கடல்மீது பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பரவினால் 4 சதுர கிலோமீட்டருக்கு மேல் மூடும். உண்மையில் படலம் சீராகப் பரவாது. எண்ணெயின் பெரும்பங்கு சில தடித்த திட்டுகளில் இருக்கும். மீதிப் பரப்பெல்லாம் வானவில் மினுக்கம். மேலிருந்து படம் எடுத்தால் கண்ணை இழுப்பது மினுக்கம்தான். அள்ள வேண்டியதோ அந்தத் திட்டுகளை.

எண்ணெய் நீரோட்டத்தின் முழு வேகத்தோடும், காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டோடும் நகரும். 10 நாட் காற்று, 0.3 நாட் நகர்வைக் கூட்டும். சராசரி ஒரு நாட் நீரோட்டம் ஒரே திசையில் ஆறு மணி நேரம் ஓடினாலே 11 கிலோமீட்டர் கடந்துவிடும். பாசிர் பாஞ்சாங்கிலிருந்து லாப்ரடோரும் செந்தோசாவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். இங்கே காற்று தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து அடிக்கும். அதாவது தெற்குக் கரையை நோக்கி.

இன்னொன்று பலர் கவனிக்காதது. ஜூன் 14 வளர்பிறை அரைநிலா நாள். அப்போது ஏற்றவற்ற வேறுபாடு குறைவு. ஜூன் 22 பௌர்ணமி. அரைநிலா நாள்களில் கரையேறிய எண்ணெய் ஒரு கோடாகப் படிந்திருக்கும். அடுத்த வாரம் பௌர்ணமி ஏற்றம் அந்தக் கோட்டுக்கும் மேலே போய், கழுவாமல் விட்ட எண்ணெயைத் தூக்கி இன்னும் உயரத்தில் வைக்கும். கரைத் துப்புரவில் அமாவாசை, பௌர்ணமி பார்ப்பது சகுனம் பார்ப்பதல்ல. எந்தப் பகுதியை எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதற்கு நாள்காட்டியே அட்டவணை.

மருந்தும் மிதவையும்

முதல் நாளில் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் படகுகள் எண்ணெய்ச் சிதறடிப்பானைத் தெளித்தன. இது எண்ணெயை மறையச் செய்வதில்லை. சிறு துளிகளாக்கி நீருக்குள் அனுப்புகிறது. பொதுவாக 20 பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மருந்து. பாகுத்தன்மை 5,000 சென்டிஸ்டோக் தாண்டினால் வேலை குறையும், 10,000 தாண்டினால் தெளிப்பது வீண். எரியெண்ணெய் அலையில் அடிபட்டு நீரை உறிஞ்சினால் கன அளவு மூன்று நான்கு மடங்காகப் பெருத்து, பழுப்பு நிறப் பசையாகிவிடும். ஆகவே மருந்துக்குக் கிடைப்பது மணிக்கணக்கு அவகாசம். ஆழம் குறைந்த, பவளம் வளரும் நீரில் துளிகள் அடிக்குப் போவதும் ஒரு கேடு. 1997இலும் இதே இழுபறி: கனமான எண்ணெய், தெளித்தும் பெரிய பலனில்லை.

“உடனே மிதவைத் தடுப்பைப் போட்டிருந்தால் கரைக்கு வந்திருக்காதே” என்று பொதுமக்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் நீரோட்டத்தில் இருக்கிறது. தடுப்புக்குச் செங்குத்தாக நீரோட்டம் 0.7 நாட் தாண்டினால், எண்ணெய், தடுப்பிலிருந்து நீருக்குள் தொங்கும் பாவாடைக்கு அடியில் நழுவி மறுபக்கம் போய்விடும். சிங்கப்பூர் நீரிணையில் அதைவிட வேகம் சாதாரணம். ஆகவே தடுப்பைக் குறுக்கே போடாமல் சாய்த்துப் போடுவார்கள்: ஓட்டத் திசையிலிருந்து 1.5 நாட் ஓட்டத்தில் ஏறக்குறைய 28 பாகை, 3 நாட் ஓட்டத்தில் 13 பாகை. எண்ணெயை நிறுத்துவது நோக்கமல்ல; ஓரத்துக்கு ஒதுக்கி, அங்கே ஸ்கிம்மரால் உறிஞ்சுவது. சாய்த்துப் போட நீளமும் அதிகம் வேண்டும், நங்கூரங்களும் அதிகம் வேண்டும். சில நாள்களுக்குள் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட தடுப்புகளைப் போட்டார்கள். வேகமான ஓட்டத்திலும் எண்ணெயைச் சேகரிக்கக்கூடிய ‘கரண்ட் பஸ்டர்’ என்ற இழுவைச் சாதனமும் கடலில் இறங்கியது.

தடுப்பு மெய்யாகவே பலன் தரும் இடம் ஓட்டம் மெதுவான ஓடை வாய்கள். லாப்ரடோர் பக்கத்து பெர்லேயர் ஓடையில் சதுப்புமரங்கள் இருக்கின்றன. அவற்றின் மூச்சுவேர்களின் துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் மூச்சுத் திணறிச் சாகும். கழுவ உள்ளே இறங்கினால் காலடியே வேர்களை நசுக்கி, எண்ணெயைச் சேற்றுக்குள் அமிழ்த்தும். அதனால்தான் எண்ணெய் எட்டாத தொலைவில், புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா ஈரநிலத்துக்கும் முன்கூட்டியே தடுப்பு போட்டார்கள். அதுதான் இந்த நடவடிக்கையில் மெச்சத்தக்க முடிவு.

மணலை வழிப்பது

உச்சத்தில் சுமார் 800 பேர் கரையில் வேலை செய்தார்கள். இப்படிப்பட்ட வேலையிடங்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் நிறைய, காலை விளக்கக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் சொல்வது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “ஆழமா வெட்டாதீங்கப்பா. மேலாப்ல ரெண்டு விரக்கடை வழிச்சா போதும். பைய பாதிக்கு மேல நெரப்பாதீங்க, தூக்குறவன் இடுப்பு போயிடும். கையுறை கிழிஞ்சா உடனே மாத்துங்க.” ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஈரமணல் லிட்டருக்குச் சுமார் 2 கிலோ. 20 லிட்டர் பை 40 கிலோ. ஆழமாக வெட்டினால் நல்ல மணலும் கழிவாகிவிடும். எண்ணெயைவிடப் பத்து, இருபது மடங்கு கழிவு சேர்வது உலகமெங்கும் நடக்கும் தவறு. மண்வாரி இயந்திரம் எண்ணெய்மேல் ஏறி இறங்கினால் சக்கரம் அதைக் கீழே அழுத்திப் புதைக்கும். ஆகவே மேல்வரிசையை ஆட்கள் கையால் வழித்து ஓரத்தில் குவிக்க, இயந்திரம் சுத்தமான பக்கத்திலிருந்து மட்டும் எட்டி அள்ள வேண்டும்.

முழு உடல் பாதுகாப்பு உடையில் ஜூன் வெயில் தனிக் கொடுமை. காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில் ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் வெட்பல்ப் வெப்பக் குறியீடு 32 பாகையைத் தொட்டால், கடும் உடலுழைப்புக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. ஓய்வுக்கூடாரம் எண்ணெய்ப் பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும். இடையில் காலணி கழுவுமிடம் இல்லையென்றால், சாப்பாட்டுத் தட்டுவரை எண்ணெய் வந்து சேரும்.

மணலைவிடத் தொல்லை பாறை அணைகள். இடுக்கில் புகுந்த எண்ணெய், ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கசிந்து சுத்தம் செய்த மணலை மறுபடி அழுக்காக்கும். உயர் அழுத்த வெந்நீர் அடித்தால் எண்ணெயோடு நத்தை, சிப்பி எல்லாம் செத்துப்போகும். கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு, கீழே உறிஞ்சு தடுப்பு போட்டுப் பிடிப்பதே பொறுமையான வழி. முழுத் துப்புரவுக்கு மூன்று மாதம் ஆகும் என்று அதிகாரிகள் சொன்னதில் மிகையில்லை.

யார் பணம் கட்டுவது

பலருக்கு இது வியப்பாக இருக்கும்: வந்து மோதியது தூர்வாரும் கப்பல், ஆனால் மாசுக்கு முதலில் பொறுப்பேற்பது இடிபட்ட ‘மரீன் ஹானர்’ உரிமையாளர். கொட்டியது அந்தக் கப்பலின் சரக்கு எண்ணெய் என்பதால் டாங்கர்களின் எண்ணெய் மாசுக்கான 1992 பொறுப்பு உடன்படிக்கை பொருந்துகிறது. தவறு யார்மீது என்று பார்க்காமல், எண்ணெய் சுமந்த கப்பலின் உரிமையாளரும் காப்புறுதியாளரும் முதலில் கட்ட வேண்டும். பிறகு மோதியவரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. பாதிக்கப்பட்டவர் யார் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது என்பதே இதன் கருத்து.

கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் மொத்த டன்னேஜ் 5,000க்கு மேற்படாத டாங்கருக்கு இந்தப் பொறுப்பின் உச்சம் 45.1 லட்சம் எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. சிறு டாங்கர் உரிமையாளர்களின் தன்விருப்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த கப்பலுக்கு இது 2 கோடி எஸ்டிஆர் வரை உயரும். அதற்கும் மேலே போனால் எண்ணெய் மாசு இழப்பீட்டுக்கான அனைத்துலக 1992 நிதியம் கொடுக்கும், எல்லாம் சேர்த்து 20.3 கோடி எஸ்டிஆர் வரை. 1997இல் சிங்கப்பூருக்கு இந்த வசதி இல்லை; அப்போது பழைய 1969 உடன்படிக்கையில் மட்டும்தான் இருந்தது. 1992 உடன்படிக்கைகள் இங்கே நடைமுறைக்கு வந்தது 1998 இறுதியில்.

கடற்கரையில் படகு வாடகைக்கு விடுபவரோ உணவுக்கடைக்காரரோ இழப்பீடு கேட்கலாம். ஆனால் “வியாபாரம் படுத்துவிட்டது” என்று சொன்னால் போதாது. முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் அதே மாதக் கணக்கு, ரத்தான முன்பதிவுகளின் பட்டியல், கழுவியதற்கும் மாற்றியதற்குமான ரசீது, தேதியோடு எடுத்த படங்கள் வேண்டும். மிச்சமான செலவையும் கழித்துக் காட்ட வேண்டும்: கடை மூடியிருந்த நாளில் கொள்முதல் இல்லையே. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் அதற்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். நிதியத்தோடு பேச்சு நடந்துகொண்டிருப்பது அந்தக் கெடுவை நிறுத்தாது.